பச்சைமரக் கடைசலும் உலர்த்தலும்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பச்சைமரம் உளிக்கு எளிதில் இணங்கும். சீவல் நீளச் சுருளாக வரும், தூசி எழாது, உளியின் கூரும் நெடுநேரம் நிற்கும். அதே மரம் உலரத் தொடங்கியதும் வெடிக்கிறது, கோணுகிறது, கறுக்கிறது. சிங்கப்பூரில் தூங்குமூஞ்சி, அங்சானா, மா, பலா, அக்கேசியா போன்ற மரங்களின் ஈரக்கட்டைகளைக் கடைசல் இயந்திரத்தில் கிண்ணமாகவோ மூடிப்பெட்டியாகவோ கடைவோர் அடிக்கடி எதிர்கொள்ளும் கோளாறுகளும், அவற்றின் காரணங்களும், செய்ய வேண்டியவையும் கீழே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

அறிகுறிகளுக்குள் செல்லுமுன் இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: உயிரணுக்களின் உள்வெளியில் தேங்கி நிற்பது ஒன்று, அவற்றின் சுவர்களில் ஊறியிருப்பது மற்றொன்று. தேங்கிய நீர் வெளியேறும்போது மரம் சுருங்குவதில்லை. ஈரப்பதம் சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, சுவர்களில் ஊறிய நீர் விலகத் தொடங்கும்போதுதான் சுருக்கம் ஆரம்பிக்கிறது. அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இராது. வளையத்தை ஒட்டிய சுற்றுவாக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரவாக்கில் ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. நீளவாக்கில் அது புறக்கணிக்கத்தக்க அளவே. வெடிப்பும் கோணலும் பெரும்பாலும் இந்த ஏற்றத்தாழ்வினாலும், உட்பகுதி ஈரமாக இருக்கும்போதே மேற்பரப்பு காய்ந்துவிடுவதாலும் வருபவை.

இரண்டாவது செய்தி நம் ஊரைப் பற்றியது. கடைசலைக் கற்பிக்கும் கையேடுகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே காற்று உலர்ந்தது என்பதால், கடைந்த கிண்ணத்தை அதன் சீவலுக்குள்ளேயே புதைத்து, காகிதப் பையில் கட்டி, நிலவறையில் ஆறு மாதம் மறந்துவிடும்படி அவை சொல்கின்றன. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது, வெப்பநிலையோ பூஞ்சைக்கு மிகவும் உகந்த நிலையிலேயே ஆண்டு முழுவதும் நிற்கிறது. இங்கே சீவலில் புதைத்த கிண்ணம் சில நாள்களிலேயே பூசணம் பூத்து நிற்கும். நம் ஊர்த் திறந்தவெளியில் வைத்த மரம் சுமார் 16 விழுக்காடு ஈரத்தில் நின்றுவிடுகிறது. குளிர்சாதனம் நாளெல்லாம் இயங்கும் அறையில் அது 11 அல்லது 12 வரை இறங்குகிறது. ஆகவே இங்கே உலர்த்தலை இரண்டு கட்டமாகப் பிரிப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. முதல் கட்டத்தில், தேங்கிய நீரைக் காற்றோட்டத்தின் துணையால் தயங்காமல் வெளியேற்ற வேண்டும். இரண்டாம் கட்டத்தில், பொருள் எந்த அறையில் இருக்கப்போகிறதோ அந்த அறையின் ஈரநிலைக்கு அதைப் பொறுமையாக இறக்க வேண்டும். கீழே வரும் தீர்வுகளில் பல இந்தப் பிரிவினையிலிருந்து பிறப்பவை.

அறிகுறி: இயந்திரத்தில் ஏற்றுமுன்பே கட்டையின் முனைகள் வெடிக்கின்றன

மரத்தின் நீர் பக்கவாட்டைவிட வெட்டு முனைகள் வழியே பன்மடங்கு வேகமாக வெளியேறும். முனை காய்ந்து சுருங்க முயலும்போது உள்ளே இருக்கும் ஈரமரம் அதற்கு இடங்கொடுப்பதில்லை. அதனால் முனை பிளக்கிறது. அறுத்த அன்றே இரு முனைகளிலும் மெழுகுக் குழம்பையோ, அது கிடைக்காவிட்டால் எஞ்சிய சுவர் வண்ணத்தையோ இரண்டு முறை தடவுங்கள். கட்டையை எப்போதும் அதன் விட்டத்தைவிடச் சில விரற்கடை நீளமாக அறுத்து வைத்தால், முனையில் விழுந்த விரிசலை வெட்டித் தள்ளிய பிறகும் முழுக்கிண்ணத்துக்கு மரம் மிஞ்சும்.

நடுவிலிருந்து நட்சத்திரம்போல் விரியும் வெடிப்பு வேறு வகையானது. தண்டின் ஒட்டுநடுவில் உள்ள நடுச்சோறு கட்டைக்குள் இருக்கும்வரை அந்த வெடிப்பை எந்தப் பூச்சாலும் தடுக்க இயலாது. கட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுச்சோற்றின் இருபுறமும் ஒரு விரற்கடை மரத்தை நீக்கிவிடுவதே வழி.

கட்டையைத் தண்ணீரில் அமிழ்த்தி வைப்பது பழைய முறை, வெடிப்பையும் பூஞ்சையால் மரத்துக்குள் பரவும் நீலக்கறையையும் அது உண்மையிலேயே தடுக்கிறது. ஆனால் மூடாத தொட்டியில் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்கு இருப்பிடமாகும். கொசு உற்பத்திக்கு இடமளிப்பது இங்கே தண்டனைக்குரியது. கட்டையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி நிழலில் வைத்து, ஓரிரு வாரத்துக்குள் கடைந்துவிடுவது மேல். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியின் பொதுத் தாழ்வாரத்தில் கட்டைகளை அடுக்கவே கூடாது, அது தீ விபத்தின்போது அண்டை வீட்டார் வெளியேறும் பாதை. அதுபோலவே, புயற்காற்றில் சாலையோரம் விழுந்து கிடக்கும் மரம் கேட்பாரற்றுக் கிடப்பதுபோல் தோன்றினாலும், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி அதிலிருந்து எடுக்கலாகாது.

அறிகுறி: கடையும்போது கட்டை குதிக்கிறது, கவ்வி தளர்கிறது

ஈரக்கட்டையில் ஒருபக்கம் வைரமும் (நடுவிலுள்ள முதிர்ந்த மரம்) மறுபக்கம் நீர் நிறைந்த வெளிறும் (பட்டையை ஒட்டிய இளமரம்) இருந்தால் எடை சமமாக இராது. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள கட்டையை நிமிடத்துக்கு 500 சுற்றுக்குக் கீழே தொடங்கி, வெளிப்புறம் உருண்டையான பிறகே வேகத்தைக் கூட்டுங்கள். முழு முகக்கவசம் இன்றிப் பொத்தானை அழுத்தக் கூடாது.

ஈரநார்கள் அழுத்தத்துக்கு இளகிக் கொடுப்பதால், கட்டையை இயந்திரத்தில் பிடித்து நிறுத்தும் கவ்வியின் தாடைகளை எவ்வளவு இறுக்கினாலும் சில நிமிடங்களில் பிடி தளரும். உட்புறம் குடையத் தொடங்கும் முன்பும், பிறகு இடையிடையேயும் இயந்திரத்தை நிறுத்தி இறுக்கிக்கொள்ளுங்கள். பெரிய கட்டைக்குத் திருகாணியால் பொருத்தும் முகத்தட்டே நம்பகமானது; திருகாணிகள் நார்களின் வெட்டுமுனை தெரியும் முனைமரத்துக்குள் செல்லாமல் பக்கமரத்தில் பதிய வேண்டும்.

சுவர் மெலியும் நேரத்தில் மட்டும் அதிர்வு வருமானால் காரணம் வேறு. மரம் இயந்திரத்தில் சுழலும்போதே காய்ந்து முட்டைவடிவமாக மாறத் தொடங்கியிருக்கிறது. குளிர்சாதனக் காற்றோ மின்விசிறியோ நேராகப் படும் இடத்தில் இது மிக விரைவாக நடக்கும். விளிம்பிலிருந்து அடிநோக்கிச் சிறு சிறு பகுதியாக இறுதித் தடிமனுக்குக் கடைந்து முடித்துவிட்டு, முடித்த பகுதிக்கு மீண்டும் உளியைக் கொண்டுசெல்லாமல் இருப்பதே தீர்வு. இடையில் எழுந்துபோக நேர்ந்தால் கிண்ணத்தை ஈரத்துணியால் போர்த்திப் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டுச் செல்லுங்கள்.

அறிகுறி: பரப்பு பிய்ந்து நார் எழுகிறது, உப்புத்தாள் அடைத்துக்கொள்கிறது

கிண்ணத்தின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடங்களில் உளி நாருக்கு எதிராகவே வெட்ட நேர்கிறது. தூங்குமூஞ்சி, அங்சானா இரண்டிலும் நார்கள் எதிரெதிராகப் பின்னிக் கிடப்பதால் பிய்வு இன்னும் கூடும். கூர் தீட்டிய உளியால் கடைசி வெட்டை மெல்லியதாக எடுத்தால் பெரும்பகுதி சீராகிவிடும். ஈரமரத்தை உப்புத்தாளால் தேய்ப்பதில் பயனில்லை. அது அடைத்துக்கொள்வதோடு, உராய்வின் சூடு மேற்பரப்பை மட்டும் காய வைத்து மயிரிழை விரிசல்களைக் கொண்டுவரும். தேய்ப்பை உலர்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கை பட்ட இடமும் இரும்பு பட்ட இடமும் கருநீலமாகின்றன

மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளான டானினும் இரும்பும் ஈரத்தில் கூடினால் மை போன்ற கறை உண்டாகும். அக்கேசியாவில் இது மிகுதி. உளி தாங்கியையும் கவ்வியையும் துடைத்துச் சுத்தமாக வைத்திருங்கள். ஈரச்சீவலை இயந்திரத்தின் மேல் இரவு முழுதும் விட்டுவிடாதீர்கள், அது மரத்தோடு இரும்பையும் கெடுக்கும். விழுந்துவிட்ட கறையை ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் நீக்கும். அது நச்சுப்பொருள், கையுறையோடு தடவி, பிறகு நன்றாகக் கழுவ வேண்டும்.

அறிகுறி: முதற்கடைசல் முடிந்த சில நாளில் விளிம்பில் விரிசல்

ஈரக்கட்டையைத் தடித்த சுவரோடு கடைந்து உலர வைப்பது முதற்கடைசல்; உலர்ந்தபின் இறுதி வடிவுக்குக் கடைவது மறுகடைசல். விரிசல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நார்களின் வெட்டுமுனை தெரியும் இரண்டு பக்கங்களில் மட்டும் இருந்தால், அப்பகுதி மற்றதைவிட வேகமாகக் காய்ந்திருக்கிறது. அடுத்த கிண்ணத்தில் அவ்விரு பக்கங்களின் வெளிப்புறத்துக்கு மட்டும் மெழுகுக் குழம்பு தடவுங்கள். முழுக் கிண்ணத்துக்கும் தடவுவது நம் ஊரில் பூசணத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். அடியில் விரிசல் இருந்தால், அடி சுவரைவிடத் தடிமனாக விடப்பட்டிருக்கும். தடிமன் எங்கும் ஒரே அளவாக இருப்பது, அந்த அளவு எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட முக்கியமானது. விளிம்புக்குக் கீழே ஆழத்தில் பழைய விரிசல் ஒன்று ஒளிந்திருந்து வெளிப்படுவதும் உண்டு; கட்டை அறுத்த நாளிலேயே முனை வெடிப்பை முழுதாக வெட்டித் தள்ளவில்லை என்பதற்கு அது அடையாளம்.

சுருங்கும் திறன் மிகுந்த மரங்களுக்குக் கொதிநீர் முறையைப் பரிந்துரைக்கிறேன். முதற்கடைசல் முடிந்த கிண்ணத்தை நீரில் முழுக அமிழ்த்தி, கொதிக்கத் தொடங்கியபின் 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் வேகவைப்பது கடைசல்காரர்களிடையே நெடுங்காலப் பழக்கம். மரத்துக்குள் இறுகிய அழுத்தம் இளகுவதால் விரிசல் குறைகிறது. பூஞ்சையும் புழுவும் அதே வெப்பத்தில் அழிகின்றன. நிறம் சற்று மங்கும் என்பது இதன் குறை. தூங்குமூஞ்சிக்கு இந்த முறை தேவைப்படுவதில்லை. அதன் சுருக்கம் மிகக் குறைவு, தொடக்கநிலையினர் பழகுவதற்கு நம் ஊரில் அதைவிடப் பொறுமையான மரம் வேறில்லை.

தொடக்கநிலையினருக்கு இன்னொரு வழியும் உண்டு. ஈரமாக இருக்கும்போதே சுவரை 3 அல்லது 4 மில்லிமீட்டருக்குக் கடைந்து முடித்துவிடுங்கள். அந்த மெல்லிய சுவர் விரிசல் விடாமல் வளைந்து கொடுக்கும். பூசணத்துக்கு அவகாசமின்றிச் சில நாள்களில் காய்ந்தும்விடும். வட்டம் சிறிது நெளிந்திருப்பதை ஏற்றுக்கொள்ளும் மனம் இருந்தால், நம் தட்பவெப்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

அறிகுறி: வெள்ளை, பச்சை, கரும்புள்ளிப் பூசணம், மரத்துக்குள் நீலச்சாம்பல் கறை

இதுவே சிங்கப்பூர்க் கடைசலின் தலையாய சிக்கல். முதலில் இரண்டையும் வேறுபடுத்துங்கள். பூசணம் மேற்பரப்பில் வளர்வது. உளியால் ஓரிடத்தை லேசாகச் சுரண்டினால் அடியில் நல்ல மரம் தெரியும். நீலக்கறை வெளிற்றின் உள்ளே ஊடுருவுவது. எவ்வளவு சுரண்டினாலும் தொடரும். முதலாவதைத் துடைத்தும் கடைந்தும் நீக்கலாம். இரண்டாவதை நீக்க இயலாது. வெளுப்பான் தடவினாலும் மேற்பரப்பு மட்டுமே வெளுக்கும். மா, ரப்பர் போன்ற வெளிர்நிற மரங்களில், மரத்தை வெட்டிய ஓரிரு நாளிலேயே நீலக்கறை தொடங்கிவிடுவதால், அவற்றை அறுத்த அன்றோ மறுநாளோ கடைய முடியாதென்றால் வாங்காமல் இருப்பதே நல்லது.

மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்வரை பூஞ்சை வளர முடியும். எனவே அந்த எல்லையை மேற்பரப்பு எவ்வளவு விரைவில் கடக்கிறது என்பதில்தான் வெற்றி இருக்கிறது. முதற்கடைசல் முடிந்ததும், கிண்ணத்தை இயந்திரத்திலிருந்து இறக்குமுன் சில நிமிடம் சுழலவிட்டுத் தேங்கிய நீரைச் சிதறடியுங்கள். காற்றழுத்தக் கருவி இருந்தால் வெட்டுமுனைகளில் வைத்து ஊதுங்கள். மறுபுறத்தில் நீர் நுரையாக வெளிவருவதைப் பார்க்கலாம். பிறகு கிண்ணத்தைக் கம்பித்தட்டின் மேல் கவிழ்த்து, ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி விட்டு, மின்விசிறியை அறையின் காற்றைக் கலக்கும்படி மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். விசிறியை நேராகக் கிண்ணத்தின் மேல் திருப்பினால் பூசணம் வராது, ஆனால் விரிசல் வரும். வெட்டுமுனைகளின் மேல் மட்டும் ஒற்றைத்தாளாக நாளிதழைச் சுற்றி, அந்தத் தாளைத் தினமும் மாற்றுங்கள். ஈரமான தாளை அப்படியே விட்டுவைப்பது, தாளே இல்லாமல் விடுவதைவிடக் கேடு.

வீவக வீடுகளில் பலர் உலர்த்துமிடமாகத் தேர்ந்தெடுப்பது வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்ட்டர் எனும் வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை. இருட்டாகவும் அமைதியாகவும் இருப்பதால் அது மரத்துக்கு ஏற்றதெனத் தோன்றும். கதவைச் சாத்திய அந்த அறையில் காற்று நகர்வதில்லை. ஒரே ஒரு கிண்ணம் வெளியிடும் நீரே அறையின் ஈரத்தைக் கூட்டப் போதும். முதல் கட்டத்துக்கு அந்த அறை உதவாது. சன்னல் திறந்த பின்கட்டில், மழைச்சாரல் படாத இடமே அதற்கு ஏற்றது. டிசம்பர், ஜனவரி மாத அடைமழை நாள்களில் மட்டும் சன்னலைச் சாத்திவிட்டு ஈரநீக்கியை ஓடவிட வேண்டியிருக்கும்.

பூசணம் வந்துவிட்டால், முகமூடி அணிந்து, 70 விழுக்காடு ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். ஆல்கஹால் மறையும்வரை அருகில் நெருப்போ இயந்திரப் பொறியோ இருக்கக் கூடாது. கிண்ணத்தை ஆல்கஹாலில் முழுதாக ஊறவைத்தால் விரைவில் உலரும் என்று பலர் சொல்கிறார்கள். ஒரு வாளி நிறைய எரிபொருளை அடுக்குமாடி வீட்டுக்குள் வைப்பதற்கு ஈடாகும் பயன் எதுவும் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அறிகுறி: வாரங்கள் கடந்தும் எடை குறைய மறுக்கிறது

எடை நின்றுவிட்டதென்றால் மரம் அந்த இடத்தின் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். உலர்ந்துவிட்டது என்று பொருளல்ல. ஊசி குத்தும் ஈரமானி ஊசி இறங்கும் ஆழம்வரை மட்டுமே அளப்பதாலும், மரத்துக்கு மரம் அதன் காட்டல் மாறுவதாலும், தராசையே நம்புங்கள். முதற்கடைசலின்போது கழிவிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து உடனே நிறுங்கள். அதைச் சூட்டடுப்பில் 103 பாகை செல்சியஸில், எடை மேலும் குறையாத நிலை வரும்வரை காயவையுங்கள். ஈரத்தில் 50 கிராம் இருந்த துண்டு 40 கிராமாகக் குறைந்தால், போன 10 கிராமை 40 கிராமால் வகுக்க, ஈரப்பதம் 25 விழுக்காடு. அதே நேரத்தில் கிண்ணம் 1,000 கிராம் இருந்திருந்தால் அதில் மரம் மட்டும் 800 கிராம். 12 விழுக்காட்டுக்கு இறங்கும்போது அது 896 கிராம் காட்ட வேண்டும். இந்த எண்ணைக் கிண்ணத்தின் அடியில் பென்சிலால் எழுதி வைத்துவிட்டால் பிறகு ஊகத்துக்கு இடமில்லை.

கிண்ணம் 16 விழுக்காட்டில் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். சன்னல்கள் எந்நேரமும் திறந்திருக்கும் வீட்டில் அது இருக்கப்போகிறதென்றால் வேலை முடிந்தது, மறுகடைசலுக்கு எடுத்துக்கொள்ளலாம். குளிர்சாதன அலுவலகத்துக்கோ வெளிநாட்டுக்கோ செல்லப்போகிறதென்றால் இரண்டாம் கட்டம் இன்னும் பாக்கி இருக்கிறது. முன்பு விலக்கிய பாம் ஷெல்ட்டர் அறை இப்போது உதவும். ஈரநீக்கி ஒன்றை உள்ளே வைத்து, அறையின் ஈரத்தை முதல் வாரம் 70 விழுக்காட்டிலும் பிறகு 60 விழுக்காட்டிலும் நிறுத்துங்கள். சிறிய மூடிப்பெட்டிகளுக்கு, புகைப்படக் கருவிகளைப் பாதுகாக்க நம்மில் பலர் வீட்டில் வைத்திருக்கும் உலர்பெட்டியே போதும். அதை 55 அல்லது 60 விழுக்காட்டுக்கு உயர்த்தி வைக்க வேண்டும்.

அவசரமென்றால் நுண்ணலை அடுப்பு உண்டு. பனி நீக்கும் குறைந்த ஆற்றலில் ஓரிரு நிமிடம் சூடாக்கி, அறைச்சூட்டுக்கு முழுதாக ஆறவிட்டு, நிறுத்துப் பார்த்து மீண்டும் செய்ய வேண்டும். ஆறவிடாமல் தொடர்ந்தால் வெளியில் தெரியாமலே சுவரின் உட்புறம் கருகிப் பற்றிக்கொள்ளும். சமையலுக்குப் பயன்படும் அடுப்பை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

அறிகுறி: உலர்ந்தபின் கிண்ணம் அளவுக்கு மீறிக் கோணியதால் மறுகடைசலுக்கு மரம் போதவில்லை

முதற்கடைசலில் சுவர்த் தடிமனை விட்டத்தில் பத்தில் ஒரு பங்காக விட வேண்டும் என்ற வழக்கத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 300 மில்லிமீட்டர் கிண்ணம் நாரின் குறுக்கே 4 விழுக்காடு சுருங்கினால் 288 ஆகிறது, நீளவாக்கில் 300 ஆகவே நிற்கிறது. வெளிப்புறத்தை மீண்டும் வட்டமாக்க 288-க்குள் வர வேண்டும். சுவர் 30 மில்லிமீட்டராக இருந்திருந்தால் உட்புறத்தின் நீண்ட அளவு 240. எனவே 24 மில்லிமீட்டர் சுவர் மிஞ்சும். சுவர் 15 ஆக இருந்திருந்தால் மிஞ்சுவது 9 மட்டுமே. 6 ஆக இருந்திருந்தால் எதுவும் மிஞ்சாது. தூங்குமூஞ்சிக்குப் பத்தில் ஒரு பங்கு தேவையில்லை என்பது என் கணிப்பு. சற்று மெலிதாக விட்டால் விரைவில் காய்ந்து பூசணத்திலிருந்தும் தப்பும்.

கவ்விக்கென அடியில் விட்ட பிடியும் முட்டைவடிவமாகியிருக்கும். கிண்ணத்தைக் கவிழ்த்து, இயந்திரத்தின் இரு முனைகளுக்கும் நடுவே நிறுத்திப் பிடியை முதலில் வட்டமாக்கிக்கொண்டு, பிறகு கவ்வியில் பொருத்துங்கள்.

அறிகுறி: ஊசித்துளைகளும் அவற்றிலிருந்து கொட்டும் மாவும்

வெளிற்றில் உள்ள மாச்சத்தைத் தேடி வரும் துளைப்பான் வண்டின் வேலை இது. துளை தென்படும்போது வண்டு ஏற்கெனவே வெளியேறியிருக்கும், ஆனால் உள்ளே இன்னும் புழுக்கள் இருக்கலாம். அந்தக் கிண்ணத்தை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். மரத்தின் உள்மையம்வரை 56 பாகை செல்சியஸை எட்டி அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்பது மரப்பெட்டிகளின் ஏற்றுமதிக்கான பன்னாட்டு விதி; சிறு கிண்ணத்துக்கும் அதே அளவைக் கொள்ளலாம். வைரத்தை மட்டும் பயன்படுத்திக் கடைந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

அறிகுறி: முடித்துக் கொடுத்த பொருளின் மூடி இறுகுகிறது, பூச்சு வெளுக்கிறது

படுக்கையறைக் குளிர்சாதனம் இரவில் மட்டும் ஓடும் வீடுகளில் காற்றின் ஈரம் நாள்தோறும் ஏறி இறங்கும். தடித்த கிண்ணம் அதை உணர்வதற்குள் பொழுது விடிந்துவிடும்; மெல்லிய மூடி உடனே உணரும். எனவே மூடிப்பெட்டியை நார் நீளவாக்கில் அமையும்படி கடைந்து, மூடியும் உடலும் ஒரே கட்டையிலிருந்து, ரேகை தொடரும்படி எடுங்கள். இரண்டும் ஒரே திசையில் அசையும். பொருத்தத்தை மழைநாளில் சரிபார்த்து, சற்றே தளர்வாக விடுங்கள்.

அரக்குப் பூச்சு வெண்மையாவது, ஈரக்காற்றில் தடவியதால் நீர் பூச்சுக்குள் சிக்கிக்கொண்டதைக் காட்டுகிறது. பெரும்பாலும் ஆல்கஹாலில் தோய்த்த துணியால் ஒருமுறை லேசாகத் துடைத்தால் தெளிந்துவிடும். அடுத்தமுறை பிற்பகலில், மழையில்லாத நாளில், மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். எண்ணெய்ப் பூச்சு வாரக்கணக்கில் பிசுபிசுத்தால், தடவிய அரை மணிக்குள் மிகுதியைத் துடைத்தெடுக்கவில்லை, அல்லது மரமே இன்னும் ஈரமாக இருக்கிறது. தராசில் வைத்து, அடியில் எழுதிய எண்ணோடு ஒப்பிட்டால் இரண்டில் எது என்று தெரியும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி எறியாமல் விரித்துக் காயவிடுங்கள். சுருண்ட துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.